எமுலேட்டரில் சீட் கோடு: கேட்டதும் சொன்னதும்

பழைய கேம் கருவிகளின் கேம்களைக் கம்ப்யூட்டரிலோ ஃபோனிலோ ஓட்டும் சாஃப்ட்வேர்தான் எமுலேட்டர்; உயிர், பணம் போன்றவற்றை நம் இஷ்டத்துக்கு மாற்றும் குறுக்குவழி சீட் கோடு. நின்டெண்டோவின் நெஸ் முதல் சோனியின் பிஎஸ்பி வரை எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: எந்தச் சீட்டைப் போடும் முன்பும் ஸேவ் ஃபைலைக் காப்பி எடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள்.

கேள்வி: அண்ணா, சூப்பர் மரியோ பிரதர்ஸில் எஸ்எக்ஸ்ஐஓபிஓ என்ற கேம் ஜீனி கோடு போட்டால் உயிர் குறைவதே இல்லை. ஆறு எழுத்து எப்படி இதைச் செய்கிறது?

பதில்: நான் காத்திருந்த கேள்வி இது. கேம் ஜீனி என்பது நெஸ்ஸில் சொருகும் சீட் கருவி. அதன் கோடுகளில் பயன்படுவது மொத்தம் பதினாறு எழுத்துகள்தான். ஒவ்வொன்றும் ஓர் எண். ஆறையும் பிரித்து அடுக்கினால் 91டி9 என்ற முகவரியும், ஏடி என்ற மதிப்பும் கிடைக்கும். இரண்டும் ஹெக்ஸ் எண்கள், அதாவது 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எண்ணும் முறை. கேமில் அந்த இடத்தில் இருப்பது சிஇ. 075ஏ என்ற இடத்தில் உள்ள உயிர்க் கணக்கில் ஒன்றைக் கழிக்கச் சொல்லும் கட்டளையின் முதல் பைட் (0 முதல் 255 வரை கொள்ளும் ஓர் எண்) அது. மரியோ செத்ததும் அது ஓடும். சிஇ போய் ஏடி வந்தால், அதே கட்டளை 'அந்தக் கணக்கைப் படி' என்று ஆகிவிடுகிறது. படித்தால் எது குறையும்? ஒரே ஒரு பைட்! இத்தனை வருடம் ஆகியும் எனக்குப் பிரமிப்பு தீரவில்லை. கோடை எடுத்தால் கழித்தல் திரும்பிவிடும். ரோம் ஃபைலில், அதாவது கேமின் ஃபைலில், கீறல்கூட விழாது; கேம் அந்த இடத்தைப் படிக்கும்போது மட்டும் எமுலேட்டர் மதிப்பை மாற்றிக் கொடுக்கிறது.

கேள்வி: நான் 075ஏ-விலேயே எஃப்எஃப், அதாவது 255, போட்டு மாறாமல் நிறுத்தி வைத்தேன். 255 உயிர் என்று நினைத்தால், முதல் சாவிலேயே கேம் ஓவர்.

பதில்: கழித்த பிறகு மிச்சம் மைனஸா என்று கேம் பார்க்கும். ஒரு பைட்டில் 127-ஐத் தாண்டியதெல்லாம் அதற்கு மைனஸ்தான். 8 போடுங்கள், ஒன்று கூட்டித் திரையில் 9 காட்டும்.

கேள்வி: எஸ்எக்ஸ்ஐ0பி0 அடித்தேன், ஏற்கவில்லை.

பதில்: அதில் எண்ணே கிடையாது. அது ஓ.

கேள்வி: ப்ரோ, கோடு வொர்க் ஆகல.

பதில்: எந்த கேம், எந்த வெர்ஷன், எந்த எமுலேட்டர்?

கேள்வி: போகிமான் ஃபயர்ரெட். சுவருக்குள் நடக்கும் கோடு வேலை செய்யவில்லை.

பதில்: ஃபயர்ரெட்டில் 1.0, 1.1 என்று இரண்டு உண்டு. முகவரிகள் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் கோடு மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும் சுவருக்குள் நின்று ஸேவ் செய்யாதீர்கள். முதலில் காப்பி.

கேள்வி: சீட் போட்டு முடிப்பதெல்லாம் ஒரு முடிப்பா? பிட் அடித்துப் பாஸாவது போலத்தானே?

பதில்: பரீட்சையில் பிட் அடித்தால் பக்கத்துப் பையனின் ரேங்க் போகும். தனியாக ஆடும் கேமில் யாருக்கு நஷ்டம்? என் அக்காவுக்குக் கை நடுக்கம் உண்டு. அந்த ஆறெழுத்து இல்லையென்றால் 8-1 லெவலை அவள் பார்த்தே இருக்க மாட்டாள்.

கேள்வி: நின்டெண்டோவே இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனதே?

பதில்: போனது, தோற்றது. கேம் ஜீனியை விற்ற கலூப் நிறுவனத்துக்கும் நின்டெண்டோவுக்கும் நடந்த வழக்கில், 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கலூப் பக்கம் நின்றது. இடையில் விற்பனையைத் தடுத்து வைத்ததற்காக 1.5 கோடி டாலர் கலூப்புக்குப் போனது.

கேள்வி: அப்படியானால் பழைய கேம்களில் சாதனைக்குப் புள்ளி தரும் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் தளத்தில் ஏன் சீட்டை விடுவதில்லை?

பதில்: அங்கே நான் உங்கள் கட்சி. ஹார்ட்கோர் என்ற கண்டிப்பான முறையில் சீட்டும் கூடாது, எமுலேட்டர் ஆட்டத்தின் நடுவில் அப்படியே சேமித்த ஸேவ் ஸ்டேட்டைத் திறக்கவும் கூடாது. ரேங்க் பட்டியலில் மற்றவர்கள் பெயரும் இருக்கிறது, அவர்கள் உழைத்து வாங்கிய இடம் அது.

கேள்வி: பிஎஸ்பி எமுலேட்டர் பிபிஎஸ்எஸ்பிபி-யில் கோடு வொர்க் ஆகல அண்ணா.

பதில்: மேலே கேட்ட மூன்றையும் சொல்லாமல் மறுபடியுமா? ஸெட்டிங்ஸில் சீட் வசதியை இயக்குங்கள். பிறகு கேம் ஐடியைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பின் யுஎல்யுஎஸ் கோடு ஐரோப்பாவின் யுஎல்இஎஸ்-க்கு ஆகாது.

கேள்வி: ஃபயர்ரெட்டில் பணத்தை 999999 ஆக்கினேன். சீட்டை ஆஃப் செய்தும் குறையவில்லை. பழையபடி ஆட ஆசை.

பதில்: மரியோ கோடு கட்டளையை மாற்றியது, அதனால் எடுத்ததும் போயிற்று. இது மெமரியில் எண்ணை எழுதியது. ஸேவ் செய்ததும் அந்த எண் ஸேவ் ஃபைலிலும் ஏறிவிட்டது. பழைய காப்பியைத் திரும்ப வையுங்கள் தம்பி.

கேள்வி: காப்பி எடுக்கவில்லை அண்ணா.

பதில்: அப்போ புது கேம்தான்.