கடலூரில் சமூக யோகா வகுப்பில் சேர்வதும் ஆயுர்வேத முறைப்படி வாழ்வதும் ஐம்பது வயதுக்கு மேல் பயன்தருமா?

உங்களுக்கு 54 வயது என்றும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதாகவும், மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டருகே காலையில் நடக்கும் கட்டணமில்லாத யோகா வகுப்பில் சேரலாமா என்பதும், ஒரு நிலையம் விற்கும் ஆயுர்வேத வாழ்க்கைமுறைத் தொகுப்பைப் பெருந்தொகை கொடுத்து வாங்கலாமா என்பதும் உங்கள் கேள்விகள். வகுப்பில் தாராளமாகச் சேருங்கள். தொகுப்பை இப்போது வாங்க வேண்டாம். கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் ஒரு திருமண மண்டபத்தின் மொட்டைமாடியில் நடக்கும் இத்தகைய வகுப்புக்கு எட்டு ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே காரணங்களைச் சொல்கிறேன்.

பள்ளி ஆசிரியப் பணியில் இருந்தபோது கரும்பலகையில் எழுதி எழுதித் தோள்பட்டை இறுகிப்போன நிலையில்தான் நான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் ஆசிரியர் எந்த ஆசனத்தையும் கற்றுத்தரவில்லை. என்ன நோய்கள் உள்ளன, என்ன மாத்திரைகள் உண்கிறேன், அறுவை சிகிச்சை ஏதேனும் நடந்ததா, இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறேன் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நீங்கள் சேரப்போகும் வகுப்பு நல்லதா என்பதை அறிய இந்த ஒன்றைக் கவனித்தாலே போதும். முப்பது பேருக்கும் ஒரே பயிற்சியை ஒரே வேகத்தில் கொடுப்பவரிடம் இரத்த அழுத்தம் உள்ளவர் போகக் கூடாது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும், தலை கீழாக நிற்கும் ஆசனங்களும், மூச்சை நெடுநேரம் அடக்குவதும் உங்களுக்கு ஏற்றவை அல்ல. கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். எங்கள் ஆசிரியர் அவர்களுக்கெல்லாம் அந்த நேரத்தில் நாடி சுத்தி, அதாவது மூக்கின் இரு துளைகளிலும் மாறி மாறி மெதுவாக மூச்சு விடும் பயிற்சி, மட்டும் தருவார். முழங்கால் வலி உள்ளவர்கள் வஜ்ராசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல், அமரும்போது தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் மடித்த போர்வையை வைப்பார்கள். அதுவும் முடியாதவர்களுக்கு மண்டபத்து நாற்காலி இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து செய்பவரை யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. எங்களுள் 72 வயதான அம்மையார் ஒருவர் ஐந்து ஆண்டுகளாக நாற்காலியில்தான் பயிற்சி செய்கிறார். இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து நிற்கிறார்.

தனியாகக் காணொளி பார்த்துச் செய்வதைவிட நாலு பேரோடு சேர்ந்து செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன். 2015 முதல் ஜூன் 21ஆம் நாள் உலக யோகா தினம் கொண்டாடப்படுவதால் அந்த ஒரு வாரம் எங்கள் மாடியில் பாய் விரிக்க இடம் இருக்காது. பிறகு கூட்டம் குறையும். நிலைத்து நிற்பவர்கள் யாரென்று பார்த்தால், வராத நாளில் பக்கத்துப் பாய்க்காரர் போன் செய்து விசாரிக்கும் உறவு உள்ளவர்கள்தாம். என் கணவர் காலமான பிறகு இரண்டு மாதம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வகுப்புத் தோழியர் இருவர் தினமும் காலை ஐந்தரை மணிக்கு என் வாசலில் வந்து நின்றார்கள். பல நாள்கள் அவர்களோடு சென்று சவாசனத்தில் மட்டும் படுத்திருந்தேன். அதையும் ஆசிரியர் பயிற்சி என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார்.

இனி ஆயுர்வேதம். ஆயுர்வேத வாழ்வு என்றதும் எண்ணெய்ப் புட்டிகளும் சூரணங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த நூல்கள் நலமாக இருப்பவருக்கு முதலில் சொல்வது தினசரியையையும் ருதுசரியையையும்தான், அதாவது ஒரு நாளை எப்படி நடத்துவது, ஒரு பருவத்தை எப்படிக் கடப்பது என்பதை. பொழுது புலருமுன் எழுவது, முன்னர் உண்டது செரித்த பிறகே மீண்டும் உண்பது, இரவில் தயிரைத் தவிர்ப்பது, மீனையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்காதிருப்பது, உடலுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஆகியவற்றுள் பெரும்பாலானவை நம் பாட்டிமார் சொன்னவையே. சித்த மருத்துவமும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றையே அடிப்படையாகக் கொள்வதால், நம் ஊரில் இந்த இரண்டு மரபுகளும் ஒரே சமையலறையில் கலந்தே வாழ்ந்திருக்கின்றன. எங்கள் ஊருக்குப் பெயர் தந்த பாதிரி மரமே, பாடலீசுவரர் கோயிலின் தல விருட்சம், ஆயுர்வேதத்தில் தசமூலம் எனப்படும் பத்து வேர்களுள் ஒன்றைத் தருவது. அந்த மரத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் தோன்றும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆயுர்வேத நூல்கள் மழைப்பருவம் என்று சொல்வது ஏறத்தாழ ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களை ஒட்டிய காலம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் நிலங்களுக்கு அது பொருந்தும். கடலூரில் அந்த மாதங்களில் அவ்வப்போது மாலை மழை வந்தாலும் பகல் வெயில் சுட்டெரிக்கும். நமக்கு உண்மையான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே, மழைப்பருவத்தில் செரிமானம் மந்தப்படும், உணவைச் சூடாகவும் சற்றுப் புளிப்பும் உப்பும் சேர்த்தும் கொள்ள வேண்டும், பகலில் உறங்கக் கூடாது என்ற விதிகளை அச்சிட்ட நாட்காட்டியைப் பார்த்துப் பின்பற்றினால், புழுங்கும் வெயிலில் தவறான உணவை உண்போம். நான் இவற்றை ஐப்பசிக்கு மாற்றிக்கொண்டேன். அந்த மாதங்களில் மிளகு ரசமும் சுக்குக் காபியும், சித்திரை, வைகாசியில் நீர்மோரும் நீராகாரமும் வெள்ளரியும். கோடையில் மட்டும் பகலில் சிறிது உறங்க அந்த நூல்களே இடம் தருகின்றன.

உடற்பயிற்சிக்கும் இதே கணக்குதான். உடல் வலிமையில் பாதியளவுக்கே பயிற்சி செய்ய வேண்டும், கோடையில் அதையும் குறைக்க வேண்டும் என்பது ஆயுர்வேதத்தின் விதி. நெற்றியில் வியர்வை துளிர்ப்பதை அந்தப் பாதியின் அடையாளமாகச் சொல்வார்கள். நம் கடற்கரை ஊரில் சித்திரை மாதம் விடியற்காலையிலேயே சும்மா நின்றாலும் வியர்க்கும் என்பதால், எங்கள் ஆசிரியர் வாயால் மூச்சு வாங்கும் முன்னரே நிறுத்தச் சொல்கிறார். மார்கழியில் பன்னிரண்டு முறை செய்யும் சூரிய நமஸ்காரம் கோடையில் நான்காகக் குறைந்துவிடும். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வரும் இருவருக்கு அதுவும் கிடையாது. அவர்கள் சிறிது கைகால் நீட்டி மடக்கி, மூச்சைக் கவனித்து, வீட்டுக்குப் போய் உறங்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

நீங்கள் கேட்ட தொகுப்பைப் போன்ற ஒன்றை நான் வாங்கியிருக்கிறேன். அந்த நிலையத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. அரை மணி நேரம் பேசிவிட்டு, மூன்று மாதத்துக்குரிய சூரணங்களையும் கஷாயங்களையும் தந்தார்கள். நான் தைராய்டு மாத்திரை எடுக்கிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லத் தவறிவிட்டேன். அதில் அஸ்வகந்தா எனப்படும் அமுக்கரா இருந்தது. சில வாரங்களில் நெஞ்சு படபடத்தது, உறக்கம் போனது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு மாறியிருந்தது. அமுக்கரா தைராய்டுச் சுரப்பைக் கூட்டக்கூடும் என்று மருத்துவர் விளக்கி, அதை நிறுத்தச் சொன்னார். அமுக்கரா நல்ல மூலிகைதான். அது எனக்கு உரியதாக இல்லை. உங்களுக்கு இரத்த அழுத்த மாத்திரை இருப்பதால் அதிமதுரத்தில் கவனம் வேண்டும். தொடர்ந்து உண்டால் அது அழுத்தத்தை உயர்த்தும். பஸ்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்தவற்றைத் தகுதி பெற்ற மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் தொடவே வேண்டாம்.

மருந்து தேவைப்பட்டால், ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பட்டமும் பதிவும் பெற்ற ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பயிற்சியால் அழுத்தம் குறைந்தால் அளவைக் குறைப்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.

நாளை காலை வகுப்புக்குச் செல்லும்போது வெறும் வயிற்றோடு செல்லுங்கள், கழுத்தில் இறுக்காத பருத்தி ஆடை அணியுங்கள், வழுக்காத ஒரு ஜமுக்காளமும் முழங்காலுக்கு ஒரு பழைய போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பயிற்சி தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதைப் படிக்காமல் மடித்து வைத்தால், அடுத்த தெருவில் வேறு வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.