மலையை மறைக்காமல் கட்ட முடியுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிய அரசு நிலத்தில் வணிக வளாகம் வரும் என்கிறார்கள். வரலாமா?

பதில்: வரக் கூடாது. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். 2010இல் திருத்திய சட்டம், அரசுத் திட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டம் அளப்பது தூரத்தை, காட்சியை அல்ல. 301ஆவது மீட்டரில் ஆறு மாடி எழும்பி, மதில்மேல் நிற்பவருக்குக் குன்றுகளை மறைத்தால் அதைத் தடுக்க இதில் இடமில்லை. நகரின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது, உயர வரம்பு கேட்டு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்ப் புறம்போக்குக் குன்றின் உச்சியில் செல்போன் கோபுரம் வைக்கப் பார்க்கிறார்கள். எப்படித் தடுப்பது? (காட்பாடி அருகிலிருந்து)

பதில்: தடுப்பதற்கு முன், எவ்வளவு தெரியும் என்று பார்த்துவிடுங்கள். காற்றில்லாத காலை நேரத்தில், கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளக் கயிற்றில் பெரிய சிவப்பு ஹீலியம் பலூனைக் கட்டி, கோபுரம் நிற்கப்போகும் இடத்திலிருந்தே பறக்கவிடுங்கள். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் வேண்டாம். நான்கு பேர் பஸ் நிறுத்தம், கோயில் வாசல், ஏரிக்கரை, பள்ளிக்கூட வாசல் என்று பிரிந்து நின்று கண் மட்டத்தில் படம் எடுக்கட்டும். ஜூம் கூடாது, அகலக் கோணமும் கூடாது, அது குன்றையே சிறு மேடாக்கிவிடும். பிறகு பலூனை உச்சியிலிருந்து சரிவுக்கு இறக்கி, அதே இடங்களிலிருந்து மறுபடி எடுங்கள். பின்னால் வானம் இருந்தால் கண்ணை உறுத்துவது, பாறை இருந்தால் பாதி கரைந்துவிடும். இரண்டு படங்களையும் கிராம சபையில் வைத்து, ‘சரிவில் வையுங்கள்’ என்று கேளுங்கள். கோபுரமே வேண்டாம் என்றால் எடுபடாது. நீங்களும் செல்போனில்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்!

கேள்வி: ஏலகிரியில் அரசு இடத்தில் பார்வை மாடம் கட்டினால், பச்சை பெயின்ட் அடித்தால் போதாதா?

பதில்: அந்தக் கிளிப்பச்சையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மழை முடிந்த சில மாதங்கள்தான் மலை பச்சை. பங்குனி, சித்திரையில் சருகும் பாறையும்தான். அமெரிக்காவில் கூட்டரசு நிலங்களைக் கவனிக்கும் நில மேலாண்மைப் பணியகம், பின்னணியைவிட ஓரிரு சாயல் கருமையான நிறத்தைப் பரிந்துரைக்கிறது. இங்கே அது மங்கிய பழுப்பு. சுவரைவிடக் கூரைதான் முக்கியம்: பளபளக்கும் தகரம் வெயிலில் பல மைல் தள்ளியும் மின்னும்.

கேள்வி: ஜவ்வாது மலை ஊர்களில் ஹைமாஸ்ட் விளக்கு கேட்கலாமா?

பதில்: காவலூருக்கு அருகில் என்றால் வேண்டாம். அங்கே 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு இருட்டுதான் மூலதனம். மேலே மூடிய, கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும் மஞ்சள் நிறத் தெருவிளக்குகளைக் கேளுங்கள். பாதைக்கு அது போதும்.