மூன்று உறிஞ்சிகளும் ஒரு சின்ன மூக்கும்

குழந்தை நலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு மாதம். மூன்று நாட்களாகத் தடிமன். பகலில் ஓரளவு சமாளித்தாலும், இரவில் பால் குடிக்கத் தொடங்கி நாலு மிடறு இழுத்ததும் மூச்சு முட்டி, மார்பை விட்டுவிட்டு அழுகிறான். பாமசியில் ஓர் இரப்பர் பந்தைத் தந்தார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள் பற்றரியில் இயங்கும் உறிஞ்சி ஒன்றை முன்பே அனுப்பியிருக்கிறார். தாய் தன் வாயால் உறிஞ்சும் குழாயும் கடைகளில் உண்டு என்று அறிந்தேன். மாமியோ, "இதெல்லாம் எதற்கு? நாங்கள் வாயை வைத்து உறிஞ்சித் துப்பித்தானே பிள்ளைகளை வளர்த்தோம்" என்கிறார். எதை எடுப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது கருவிகளை அல்ல, "நாலு மிடறு" என்று நீங்கள் எழுதியதைத்தான். கைக்குழந்தைகள் முதல் சில மாதங்களில் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். வாய் பாலுக்கு, மூக்கு மூச்சுக்கு என்று பிரித்துக்கொள்வதால்தான் அவர்களால் இடையில் நிறுத்தாமல் குடிக்க முடிகிறது. அந்தச் சின்னத் துவாரத்தில் உட்சவ்வு சற்று வீங்கி, அதன்மேல் கொஞ்சம் சளியும் தங்கிவிட்டால், பிள்ளை பாலையோ மூச்சையோ ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே உறிஞ்சி தேவையா என்பதை மூக்கில் கேட்கும் சத்தத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், பால் குடிப்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள். மூக்கு கரகரத்தாலும் வழமைபோல் குடித்து, உறங்கி, சிரிக்கிற பிள்ளையின் மூக்கைத் தொடவே வேண்டியதில்லை. உங்கள் மகனுக்குத் தேவை இருக்கிறது. அதுவும் பால் கொடுப்பதற்கு முன்னும், இரவில் படுக்க வைப்பதற்கு முன்னும் மட்டும்.

கருவியைத் தெரிவு செய்வதற்கு முன்னர் சேலைன் துளியை, அதாவது மூக்கில் விடும் உப்புநீர்த் துளியை, வாங்கிவிடுங்கள். காய்ந்து ஒட்டிக்கொண்ட சளியை எந்தக் கருவியாலும் இழுக்க முடியாது; பலவந்தமாக இழுத்தால் சளிக்குப் பதிலாகச் சவ்வுதான் காயப்படும். ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு துளிகள் விட்டு, ஓரிரு நிமிடங்கள் பொறுத்திருந்தால் சளி இளகிவிடும். பல வேளைகளில் பிள்ளை ஒரு தும்மலில் அதை வெளியே தள்ளிவிடும், அல்லது விழுங்கிவிடும், விழுங்கினாலும் தீங்கில்லை. அப்போது உறிஞ்சிக்கு வேலையே இராது. ஒரு தடவை திறந்து பாவித்துவிட்டு வீசக்கூடிய சிறு குப்பிகளாக வருவது வசதியானது. வீட்டில் உப்புத் தண்ணீர் தயாரிப்பதை நான் விரும்புவதில்லை. 1 லீற்றருக்கு 9 கிராம் என்ற அளவைச் சமையலறைக் கரண்டியால் சரியாகப் பிடிப்பது கடினம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றும் பொறுமையும் நள்ளிரவில் எவருக்கும் இருப்பதில்லை.

இனி இரப்பர் பந்து. மலிவானது, எங்கும் கிடைப்பது, முறையாகப் பிடித்தால் சளியையும் எடுக்கக் கூடியது. அதன் குறை உள்ளே இருக்கிறது. ஒரு தாய், "ஒவ்வொரு நாளும் சுடுதண்ணீரில் கழுவுகிறேன்" என்று சொல்லிக் கொண்டுவந்த நீல நிறப் பந்தை, அவருடைய சம்மதத்துடன் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் பார்த்தேன். வெளியே புதுப் பந்து போல மினுங்கியது. உள்ளே, வாய்ப்பகுதியைச் சுற்றி மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்பூஞ்சணப் புள்ளிகள் இருந்தன. அடியில் வடியாத தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தத் தாய் வெட்டிய பாதியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசவே இல்லை. அவர் மீது பிழை இல்லை. கொழும்பின் ஈரக் காற்றில், ஒரேயொரு துளையுள்ள பந்தின் உட்புறம் காய்வது நடக்கிற காரியமல்ல. பந்துதான் வேண்டுமென்றால் இரண்டாகக் கழற்றித் தேய்த்துக் கழுவக்கூடியதாக, நுனி மென்மையான சிலிக்கோனால் ஆனதாகப் பார்த்து வாங்குங்கள். கழற்ற முடியாத பந்தைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

வாயால் உறிஞ்சும் குழாயைப் பற்றிக் கேட்டவுடனேயே முகம் சுளிப்பவர்கள் பலர். உண்மையில் அதில் அருவருக்க ஒன்றுமில்லை. அதன் அகன்ற நுனி மூக்கினுள் செல்வதில்லை. துவாரத்தின் வாசலில் பொருந்தி நிற்கிறது. அதற்கடுத்து ஒளி புகும் சிறு குழல், அதன் முடிவில் ஒரு பஞ்சு வடிகட்டி, அதன் பின்னர் நீண்ட மென்குழாய். சளி குழலிலேயே தங்கிவிடும். வடிகட்டியைத் தாண்டி உங்கள் வாய்க்கு வராது. எவ்வளவு வந்தது, இரத்தம் கலந்திருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்க்கலாம். இழுக்கும் வேகம் உங்கள் மூச்சின் கட்டுப்பாட்டில் இருப்பதால், பிள்ளை முகம் சுருக்கிய கணத்திலேயே நிறுத்தவும் முடியும். பஞ்சு வடிகட்டியை மட்டும் பொதியில் சொல்லியிருக்கிறபடி மாற்ற வேண்டும். நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

பற்றரி உறிஞ்சிகளின் விளம்பரங்களில் 60, 65 கிலோபாஸ்கல் என்று இழுவிசையைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். பிரசவ அறையில் பிறந்த குழந்தையின் மூக்கிலும் வாயிலும் உள்ள நீரை எடுக்கும் இயந்திரத்தைப் பொதுவாக 80 முதல் 100 மில்லிமீற்றர் பாதரச அளவில், அதாவது ஏறத்தாழ 11 முதல் 13 கிலோபாஸ்கலில் வைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு விதமான கருவிகள் என்பதால் இலக்கங்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பெரிய இலக்கம் நல்ல கருவிக்கு அடையாளமல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ஹங்கேரியில் வீட்டுத் தூசுறிஞ்சியிலேயே குழாயைப் பொருத்திப் பிள்ளையின் சளியை எடுக்கும் கருவி சாதாரணமாகப் புழக்கத்தில் உள்ளது! அதில்கூட இழுவிசையை மிகவும் குறைத்துத் தரும் அமைப்பு இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. மச்சாள் அனுப்பியதை வீசச் சொல்லவில்லை. மிகக் குறைந்த வேகத்தில், மென்மையான நுனியுடன், முதலில் உங்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பாவிக்கலாம். அதன் இரைச்சலுக்குப் பயந்து பிள்ளை வீறிட்டு அழுதால், அந்த அழுகையாலேயே மூக்கு மீண்டும் அடைத்துக்கொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

என்னுடைய தெரிவு வாயால் உறிஞ்சும் குழாய். மாமியிடம் அதைக் காட்டுங்கள்; அவர் செய்ததும் இதுவேதான், நடுவில் ஒரு வடிகட்டி வந்திருக்கிறது. வாயை நேரடியாக வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம், பெரியவர்களின் வாயிலிருக்கும் கிருமிகள், முக்கியமாக உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹேர்பிஸ் வைரசு, சிறு குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம் என்பதுதான். பழகிய கை என்பதால் முதல் தடவை அவரையே குழாயைப் பிடிக்கச் சொன்னால் வீட்டில் வாக்குவாதமும் குறையும்.

பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒருவர் தலையை மெதுவாகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் துளி விட்டுக் காத்திருந்து, பின்னர் துவாரத்துக்கு இரண்டு மூன்று செக்கன் மட்டும் மெல்ல இழுக்க வேண்டும். பந்தாக இருந்தால் மூக்கில் வைப்பதற்கு முன்பே அமுக்கிவிடுங்கள். வைத்த பிறகு அமுக்கினால் சளி உள்ளேதான் போகும். பால் குடித்தவுடன் செய்தால் வாந்தி வரலாம். ஒரு நாளில் மூன்று, நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அடிக்கடி இழுத்தால் சவ்வு வீங்கி மூக்கு முன்பைவிட அடைக்கும், அடைக்கிறதே என்று மேலும் இழுக்கத் தோன்றும். மூக்கில் இரத்தத்துடன் வரும் பிள்ளைகளில் சிலரின் கதை இதுதான்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆலோசனைகளில் அறைக்கு ஈரப்பதமூட்டும் கருவி வாங்கச் சொல்வார்கள். அது பனிக்காலத்தில் ஹீற்றர் போடும் வீடுகளுக்கு ஏற்றது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, நுளம்புத்திரியையும் சாம்பிராணியையும் பிள்ளையின் அறையிலிருந்து அகற்றி, நுளம்பு வலையைக் கட்டுங்கள். தலையணை வைத்துத் தலையை உயர்த்துவதும் வேண்டாம்.

தடிமன் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களுக்குள் தானாக மாறும். ஆனால் பிள்ளை வழமையில் பாதிக்கும் குறைவாகக் குடித்தாலோ, நப்பி நனைவது குறைந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, மூச்சுக்கு மூச்சு முனகினாலோ உறிஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: 2 மாதத்திலிருந்து 12 மாதம் வரையான பிள்ளைக்கு 50 அல்லது அதற்கு மேல், 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேகமான மூச்சு. 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலே அன்றே காட்ட வேண்டும். உதடு நீலம் பாரித்தால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அருகில் இருப்பவர்கள் நேரே பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்லலாம்.

கேள்வி: என் கணவருக்கு மூக்கடைப்பு வந்தபோது வாங்கிய துளி மருந்து வீட்டில் இருக்கிறது. ஒரு துளியிலேயே மூக்கு திறந்துவிடுகிறது. ஏழு மாத மகளுக்கும் அதை விட்டால் உறிஞ்சியே தேவைப்படாதே? அம்மம்மா தாய்ப்பால் அல்லது நல்லெண்ணெய் விடச் சொல்கிறார்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: விடாதீர்கள். போத்தலைத் திருப்பிச் சிறிய எழுத்தை வாசியுங்கள். சைலோமெற்றசோலின் அல்லது ஒக்சிமெற்றசோலின் என்று இருந்தால், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறக்கிற மருந்து. கைக்குழந்தையின் உடலில் அது அளவுக்கு மேல் சேர்ந்தால் பிள்ளை மயங்கிச் சோர்ந்துபோகலாம், மூச்சும் மந்தமாகலாம். பெரியவர்களுக்கே சில நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்பு இன்னும் கூடுதலாகத் திரும்பி வரும். மகளுக்கு உரிய சேலைன் போத்தலில் சோடியம் குளோரைட்டு (உப்பு) 0.9 சதவீதம் என்று மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு போத்தல்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கணவருடையதை வேறு அலுமாரிக்கு மாற்றிவிடுங்கள். நித்திரைக் கலக்கத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

எண்ணெயை மூக்கில் விடவே கூடாது. மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நியூமோனியாவை உண்டாக்கும். தாய்ப்பால் அப்படி ஆபத்தானதல்ல, ஆனால் காய்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். அதை மகள் குடிக்கட்டும்.

கேள்வி: கைக்குழந்தையின் உறிஞ்சியை மூன்று வயது மகளுக்கும் பாவிக்கலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: ஒரே நுனியைப் பகிரக் கூடாது, அவளுக்கு வேறு நுனி வாங்குங்கள். அதைவிட, மூக்கைச் சிந்தப் பழக்குங்கள். மேசையில் ஒரு சிறு கடதாசித் துண்டை வைத்து, வாயை மூடிக்கொண்டு மூக்குக் காற்றால் அதைத் தள்ளச் சொல்லுங்கள். அது நன்றாக வந்த பிறகு ஒரு துவாரத்தை விரலால் மூடி மற்றதால் தள்ளட்டும். தடிமன் இல்லாத நாளில் தொடங்கினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.