வெளிநாட்டில் தொண்டு: கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். கென்யாவில் நான்கு வாரம் தன்னார்வப் பணிக்கு ஓர் ஏஜென்சி 1.8 லட்சம் ரூபாய் கேட்கிறது. ‘டூரிஸ்ட்டாகப் போனால் போதும், பிரசவ வார்டில் நேரடி அனுபவம் கிடைக்கும்’ என்கிறார்கள். நம்பலாமா? (வாசகி, குமுளி)

அந்த இரண்டு வாக்குறுதிகளும்தான் இடிக்கின்றன. கென்யாவில் 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இ.டி.ஏ. என்ற ஆன்லைன் அனுமதி நடைமுறையில் இருக்கிறது. சுற்றுலாவுக்கு வாங்கிய இ.டி.ஏ.வில் ஊர் சுற்றலாம், வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் வார்டில் நிற்பது வேலைதான். அதற்குத் தனி பெர்மிட் வேண்டும், அந்நாட்டு நர்ஸிங் கவுன்சிலின் தற்காலிகப் பதிவும் வேண்டும். மாட்டிக்கொண்டால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள், ஏஜென்சி அல்ல.

பிரசவ வார்டு அதைவிடச் சிக்கல். உங்கள் இடுக்கி மாவட்டத்தில் நர்ஸிங் கவுன்சில் பதிவில்லாத ஒருவரைப் பிரசவம் பார்க்க விடுவார்களா? அங்கே பேசும் சுவாஹிலி மொழி தெரியாமல், ‘எங்கே வலிக்கிறது’ என்றுகூடக் கேட்க முடியாத நிலையில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வந்தால், உங்களுக்கு எடுத்துச் சொல்லவே அங்கிருக்கும் நர்ஸ் ஒருவர் தன் வேலையை விட வேண்டியிருக்கும்.

ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள்: 1.8 லட்சத்தில் மருத்துவமனைக்குப் போவது எவ்வளவு? யார் மேற்பார்வை? போகாவிட்டால் எவ்வளவு திரும்பும்? அந்த மருத்துவமனையின் நர்ஸிங் பொறுப்பாளருக்கும் நேரடியாக எழுதி, ‘உங்களுக்கு என்ன ஆள் தேவை’ என்று விசாரியுங்கள். அவருக்கு இந்த ஏற்பாடே தெரியாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்து கிளம்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். கொச்சியில் துறைமுக சுகாதார அலுவலகத்திலும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுபோவார்கள். அவசரத்தில் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் இன்ஷூரன்ஸாகப் பார்த்து எடுங்கள்.

என்னைக் கேட்டால், இன்னும் இரண்டு மூன்று வருடம் இங்கேயே வேலை பாருங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பத்துக்குப் பணம் வாங்குவதில்லை, தேர்வானவர்களுக்கு வாழ்க்கைப் படியும் தருகிறது. ஆனால் அதில் நிபுணர் பிரிவுக்கு வயதும் அனுபவமும் வேண்டும்.

கேள்வி: கம்போடியாவில் ஓர் அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் தங்கிப் பாடம் சொல்லித்தர நானும் மனைவியும் விரும்புகிறோம். (வாசகர், நகரி)

வேண்டாம். அங்கே இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்ததை யூனிசெஃப் ஆய்வு காட்டியது. பார்க்க வருகிறவர்கள் காசு கொடுக்கக் கொடுக்க, ‘படிக்க வைக்கிறோம்’ என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்ப்பது ஒரு தொழிலாகவே ஆனது. அநாதை இல்லச் சுற்றுலாவுக்கு எதிராக 2019-ல் ஐ.நா. பொதுச்சபையும் தீர்மானம் போட்டது. உங்கள் அன்பில் குறையில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ‘அக்கா, மாமா’ வந்து மறைவது பிள்ளையின் மனதைப் பழுதாக்கும். அந்த டிக்கெட் பணத்தைப் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து படிக்க உதவும் அமைப்புக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் டிரஸ்டில் மூன்று மாதம் தொண்டு செய்ய ஜெர்மன் மாணவி ஒருவர் வர விரும்புகிறார். டூரிஸ்ட் விசா போதுமா? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

போதாது. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான். மூன்று மாதத்துக்கு, தொண்டு நிறுவனத்தில் கௌரவப் பணி என்று காட்டி எம்ப்ளாய்மென்ட் விசா எடுக்கச் சொல்லுங்கள். அவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை நீங்கள் ஆன்லைனில் பதிய வேண்டும். அவர் நன்கொடை தர வந்தால், ரூபாயாகவே இருந்தாலும், டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.