வியாழனின் நிலவுகள்: ஆப் சரியா, கண் சரியா?

அன்புள்ள அண்ணா,

செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலரை அங்குல ஆடித் தொலைநோக்கியை எங்கள் தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் வைத்துப் பார்க்கிறேன். வியாழனுக்கு இடப்பக்கம் மூன்று புள்ளிகள் தெரிகின்றன, வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. போனில் உள்ள ஆப் வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒட்டினாற்போல ஒன்று என்கிறது. இணையத்தில் எடுத்த ஒரு அட்டவணையிலோ வரிசையே வேறு. எதை நம்புவது?

— ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள தம்பி,

ஆப்பும் சரி, உங்கள் கண்ணும் சரி. உங்களுடையது போன்ற ஆடித் தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டுப் போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், சேர்ந்துவிடும். லென்ஸ் தொலைநோக்கியில் டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் சின்னக் கண்ணாடி) மாட்டியிருந்தால் போனை எப்படித் திருப்பினாலும் சேராது; அது கண்ணாடி பிம்பம். கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வானப்பட மென்பொருள் வைத்திருப்பவர்கள் படத்தையே புரட்டிக்கொள்ளலாம். அதற்குப் பொத்தான் இருக்கிறது, காசும் கிடையாது.

குழாய் சாய்ந்திருந்தால் படமும் சாயும். அப்போது தொலைநோக்கியைத் தொடாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். வியாழன் மெல்ல நகர்ந்து விளிம்பை நோக்கிப் போகும். அது போகிற பக்கம்தான் மேற்கு. இதை எந்த ஆப்பும் உங்களுக்குச் சொல்லாது. ஆப் படத்தின் மேற்கும் அதே பக்கம் வருமாறு போனைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

அட்டவணைச் சிக்கல் அநேகமாக நேரம்தான். வானியல் அட்டவணைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? அயோ என்ற நிலவு வியாழனை ஒரு சுற்றுச் சுற்ற 42 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. வியாழனின் முன்னாலோ பின்னாலோ கடக்கும் நேரமென்றால், அந்த ஐந்தரை மணியில் வியாழனின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளிப் போய்விடும். இன்னொரு நிலவான காலிஸ்டோ நிதானமான ஆள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 17 நாள்.

காணாமல் போன நாலாவது, வியாழனின் வெளிச்சத்தில் அமுங்கியிருக்கலாம். ஆப்பில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: வட்டத்துக்கு வெளியே இருந்தும் வியாழனின் நிழலுக்குள் நுழைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது கிரகணம். நம் ஊருக்கும் இந்தக் கிரகணங்களுக்கும் பழைய உறவு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் கோல்டிங்காம் என்ற வானியலாளர் இவற்றின் நேரத்தைக் குறித்துத்தான் மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். நீங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்து நிலவு எங்கே என்று ஆப்பிடம் கேட்கிறீர்கள். அவர் நிலவைப் பார்த்து ஊர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். ஆப்பைப் பார்த்துவிட்டுத் தொலைநோக்கிக்குப் போகாதீர்கள். போனால் அது சொன்னதுதான் தெரியும். முதலில் பார்த்ததைத் தாளில் வரையுங்கள்: ஒரு வட்டம், பக்கத்தில் புள்ளிகள், நேரம். அப்புறம் போனைத் திறங்கள். நான் பட்ட அவமானத்தால் சொல்கிறேன். திருவொற்றியூரில் எங்கள் மாடிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், ஆப்பில் நாலு இருக்கிறதே என்ற தைரியத்தில், நாலாவது புள்ளியைக் காட்டி "இதுதான் கனிமீடு" என்றேன். மறுநாள் இரவு வியாழனும் மற்ற மூன்றும் நகர்ந்திருந்தன, என் கனிமீடு மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. நட்சத்திரம்! 1610 ஜனவரியில் கலிலியோ நிலவுகளை முதலில் நட்சத்திரங்கள் என்று நினைத்தார். நான் அதைத் திருப்பிச் செய்தேன். "அங்கிள், கனிமீடு லீவா?" என்று ஒரு வாண்டு இன்றும் கேட்கிறான்.

இன்னொன்று, தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி பக்கத்தில் நின்று போனை வானத்தில் நீட்டாதீர்கள். திசைகாட்டி குழம்பிப்போய் வியாழனைக் காசிமேட்டுக் கடலுக்குள் இறக்கிவிடும்.

இன்று எட்டு மணிக்கு ஒரு படம், பத்தரைக்கு ஒரு படம் வரைந்து அனுப்புங்கள். பெயர் எழுத வேண்டாம், எது எது என்று நான் சொல்கிறேன்.