மூன்று மாதத்தில் 150 கி.மீ. நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்கு எப்படித் தயாராவது?

தினமும் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி வரை போகும் நிதி திரட்டும் பயணத்தில் பெயர் கொடுத்திருக்கிறீர்கள், மூன்று மாதம் இருக்கிறது. தாராளமாகப் போகலாம்.

நான் முதல் தடவை போனது குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டிய ஒரு குழுவோடு. பயிற்சியில் வேகத்தை மட்டுமே பார்த்தேன். அன்றைக்கு மாமல்லபுரம் வரை முன்வரிசை ஆட்களோடு பறந்தேன். அங்கே இரண்டு இட்லி, அப்புறம் வெறும் தண்ணீர். கல்பாக்கம் தாண்டி வெகுதூரம் போகவில்லை, தலை கிறுகிறுத்து, கை நடுங்கி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த உதவி வண்டிக்காரர் இரண்டு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கொடுத்தார். அரை மணி நேரத்தில் எழுந்து மறுபடி மிதித்தேன். தப்பு காலில் இல்லை, வயிற்றில்.

தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை, அழுத்தி ஓட்டினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கரைந்துவிடும். அதனால் பசிக்கும் முன்பே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். பேரீச்சை, கடலை மிட்டாய், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாமே நல்லது. ஓட்டிக்கொண்டே சாப்பிட வயிற்றுக்கும் பழக்கம் வேண்டும், ஆகவே ஞாயிறு பயிற்சியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்கு வெறும் தண்ணீர் போதாது. ஓஆர்எஸ் எடுத்துச் சென்றால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரிலேயே கரையுங்கள், தண்ணீரைக் குறைத்துக் கரைக்காதீர்கள்.

தூரத்தை ஏற்றுவது எளிது. வார நாட்களில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். முதல் ஞாயிறு 25 கி.மீ., பிறகு வாரம் பத்து கிலோமீட்டராகக் கூட்டுங்கள், நாலு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைத்து உடம்பைத் தேறவிடுங்கள். பயணத்துக்கு முன் ஒருமுறை 100, 110 தொட்டால் போதும். மீதியை அன்றைக்குக் கூட வருபவர்கள் இழுத்துச் சென்றுவிடுவார்கள். கடைசி வாரம் லேசாக ஓட்டுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம்.

சீட் உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் முழங்கால் வலி வரும். பஞ்சு வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உராய்ந்து தோல் வழண்டுவிடும். சுண்டுவிரல் மரத்துப்போனால் கைப்பிடியில் அதிக எடை போடுகிறீர்கள் என்று அர்த்தம், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். பின்சக்கர டியூபை வீட்டிலேயே இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள்.

வெயில் மாதமாக இருந்தால் விளக்கோடு அதிகாலை நாலு மணிக்கே கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல் காற்று எதிரே தள்ளும், மரக்காணம் உப்பளப் பக்கம் ஒதுங்க நிழலும் கிடையாது. மார்கழியில் வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளிக் கொடுக்கும்.

நன்கொடை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் எவ்வளவு தூரம் ஓட்டினேன், யாருக்காக ஓட்டுகிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட ஆரம்பித்தேன். 60 கி.மீ. முடித்த அன்று பெரியம்மா 500 ரூபாய் அனுப்பி, "நூறு தொட்டா இன்னொரு ஐந்நூறு" என்றார். அடுத்த வாரம் சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். நீங்கள் முதல் ஞாயிறிலிருந்தே போடுங்கள்.