‘என்னால முடியாது சிஸ்டர்’ – கடிதம்

வணக்கம்.

உளவியலாளர் பாண்டுராவின் தன்திறன் நம்பிக்கைக் கோட்பாட்டை, அதாவது ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று ஒருவர் தன்மேல் வைக்கும் நம்பிக்கை பற்றியதை, தேர்வுக்குப் படித்தேன். வார்டில் அது கைகொடுக்கவில்லை. புதிதாக இன்சுலின் தொடங்குபவர்கள் “என்னால முடியாது சிஸ்டர்” என்கிறார்கள். “முடியும், தைரியமா இருங்க” என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. வேறு என்ன செய்வது?

ஒரு செவிலியர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் இந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்நேரத்து உடல், மன நிலை. முதலாவதுதான் வலுவானது. நீங்கள் மூன்றாவதை மட்டும் நம்பியிருக்கிறீர்கள்.

‘முடியாது’ என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். இன்சுலின் பேனாவில் ஊசி மாட்டுவது, மருந்து வருகிறதா என்று 2 யூனிட் வெளியேற்றிப் பார்ப்பது, டோஸ் வைப்பது, குத்துவது, பொத்தானை அழுத்தியபின் 10 எண்ணும்வரை ஊசியை எடுக்காமலிருப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எவ்வளவு நம்பிக்கை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு இடத்தில்தான் எண் சரியும். 4 என்றால், “ஏன் 2 சொல்லவில்லை?” என்று கேளுங்கள், தன்னால் முடிந்ததை அவரே சொல்லத் தொடங்குவார். 7க்குக் கீழே இருக்கும் படியை இன்னும் சிறிதாக்குங்கள்: முதலில் டோஸ் திருப்புவது மட்டும், பிறகு பயிற்சிப் பஞ்சில் குத்துவது, அதன்பின் வயிற்றில்.

அவசரத்தில் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். அதுவரை கட்டியதெல்லாம் அந்த நொடியில் சரியும். ‘நான் தடுமாறினேன், சிஸ்டர்தான் செய்தார்’ என்பதே அவர் மனதில் நிற்கும். தவறினால் வாயால் சொல்லுங்கள், கை அவருடையதாகவே இருக்கட்டும்.

முடிந்தால், தொடக்கத்தில் திணறிப் பிறகு பழகிக்கொண்ட ஒரு நோயாளியைப் பேசவையுங்கள். உங்கள் பிழையற்ற செய்முறையைவிட அது ஆழமாகப் பதியும்.

கை நடுங்குவதையும் வியர்ப்பதையும் தன் திறமைக்குறைவாகவே பலர் எடுத்துக்கொள்வார்கள். முதல்முறை படபடப்பு இயல்பு என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே இன்சுலின் எடுப்பவருக்கு நடுக்கம் வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்; 70 mg/dLக்குக் கீழே இருந்தால் அது பயமல்ல, தாழ்சர்க்கரை.

எண் உயர்ந்ததும் நிறுத்திவிடவும் வேண்டாம். 9 சொல்பவரும் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலைத் தடிக்கவைப்பார். வீட்டுக்கு அனுப்புமுன் முழுவதையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். டோஸ் எண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நம்பிக்கையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் பழக்குங்கள்.